மணல்மேட்டில் இரண்டு இரவு: பெருமாள் ஏரிப் பக்கத்து முகாம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஆலப்பாக்கம் பக்கம் நின்று பார்த்தால் மேற்கே பெருமாள் ஏரி, கிழக்கே உப்பனாறு, அதையும் தாண்டினால் கடல். நடுவில் கிடப்பதெல்லாம் ஒரு காலத்தில் கடல் ஒதுக்கிவிட்டுப் போன மணல். கரைக்கு இணையாக மேடும் பள்ளமுமாக ஓடும் இந்த மணலில் முந்திரியும் சவுக்கும் பனையும் நிற்கின்றன. பள்ளத்தில் கோரை. திருச்சோபுரத்துச் சிவன் கோயில் மணல் மூடிக் கிடந்ததையும், தம்பிரான் ஒருவர் அதை வெளிக்கொண்டு வந்ததையும் ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். கோயிலையே மூடக்கூடிய மணலில் கூடாரம் அடிக்கிறோம் என்ற நினைப்பு முதலில் இருக்க வேண்டும்.

இங்கே ஆராயப்படும் முகாம் ஒரு பிப்ரவரிக் கடைசி வாரத்தில், வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு காலை முடிந்தது. புதுச்சேரியிலிருந்து வந்த 11 பேர். அதில் பிள்ளைகள் 4. ஏரிக்குக் கிழக்கே தனியார் பட்டா நிலத்தில் ஒரு முந்திரி, சவுக்குத் தோப்பு. உரிமையாளர் சம்மதம் கொடுத்திருந்தார். மின்சாரம், குழாய், கழிப்பறை எதுவும் கிடையாது. வேண்டாம் என்றுதான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். ஆட்கள், தோப்பு, ஊர் ஆகியவற்றின் அடையாளங்களை விட்டுவிட்டோம்.

முடிவில் நான்கு பாதிப்புகள். முதல் இரவே தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போனது. பெரியவர்கள் இருவருக்கு வயிற்றுப்போக்கு. ஒன்பது வயதுப் பையனின் உள்ளங்காலில் தீக்காயம். அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோன கார் மணலில் புதைந்து முக்கால் மணி நேரம் தாமதம். அவர்கள் பயந்து தயாரானது பாம்புக்கும் மழைக்கும். இரண்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான்கும் தனித்தனி விபத்துகளாகத் தெரியும். வரிசையாகப் பின்னால் போய்ப் பார்த்தால் மூன்று ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன: வெள்ளிக்கிழமை காலை வண்டியில் ஏற்றிய தண்ணீர் கேன்களின் எண்ணிக்கை.

இடமும் காற்றும்

மாதத் தேர்வு சரியானது. இந்தக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளியில் தங்குவது பற்றி யோசிக்கவே கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பர் வெள்ளம், 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று பட்டியல் நீளும். பொங்கல் கழிந்து மார்ச் பாதி வரை நல்ல காலம். அதற்குப் பிறகு வெயிலும் முந்திரி அறுவடையும்.

முந்திரித் தோப்பில் இந்தப் பருவத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்கள் யாரும் கேட்பதில்லை. பூக்கும் காலத்திலும் பிஞ்சு பிடிக்கும் காலத்திலும் தேயிலைக் கொசு என்கிற பூச்சிக்கு மருந்து தெளிப்பார்கள். கடைசியாக எந்தத் தேதியில், என்ன மருந்து தெளித்தது என்று உரிமையாளரிடம் கேட்டே ஆக வேண்டும். தெளித்து இரண்டு வாரமாவது ஆகாத தோப்பில் பிள்ளைகளோடு படுக்க வேண்டாம். இந்தக் குழு கேட்கவில்லை. நல்லவேளையாகத் தெளித்திருக்கவும் இல்லை.

வந்து சேர்ந்தது மாலை ஐந்தரைக்கு. அந்த வாரத்தில் ஆறேகாலுக்குச் சூரியன் மறைந்துவிடும். முக்கால் மணி நேரத்தில் இடம் பார்த்து, மணலைச் சமப்படுத்தி, நான்கு கூடாரமும் ஒரு தார்ப்பாய்ப் பந்தலும் போட முடியாது. மணலில் ஒரு கூடாரத்தைப் பாதுகாப்பாகக் கட்ட இருவருக்கு நாற்பது நிமிடம் வேண்டும். அதனால் மூன்று மணிக்குள் இடத்தில் இருக்க வேண்டும். அவசரத்தில் மூன்று கூடாரங்களை மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்திலும், ஏரி தெரியட்டும் என்று நான்காவதை மேட்டின் உச்சியிலும் அடித்தார்கள். இரண்டுமே தவறான இடங்கள்.

பள்ளத்தில் இரவுக் குளிர்காற்று இறங்கித் தேங்கும், பனி அதிகம், கொசு அதிகம், நிலத்தடி நீரும் கிட்டத்தில். காற்றோடு மணல் உள்ளே வரும் என்று மேல் சன்னல்களையும் மூடிவிட்டதால், விடியற்காலையில் மூச்சுக்காற்றின் ஈரம் கூடாரத் துணியின் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்து, போர்வைகள் நனைந்தன. மேல் சன்னலைத் திறந்து வைத்து, கீழ்ப்பகுதியை மட்டும் காற்று வரும் பக்கம் மணல் அணைத்து மூடினால் இரண்டு தொல்லையும் தீரும். உச்சியில் காற்று நேராக அடிக்கும். மேலும் மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அதன்மேல் படரும் அடம்பங்கொடியும் ராவணன் மீசையும்தான். அவற்றின் மேல் கூடாரம் விரித்து நான்கு பேர் இரண்டு நாள் நடந்தால் அந்த இடத்தில் மணல் பெயர ஆரம்பிக்கும்.

சரியான இடம் மேட்டின் நிலம் பார்த்த சரிவில், முக்கால் பங்கு கீழே, மரங்கள் தொடங்கும் ஓரம். ஆனால் எந்த மரம் என்று பார்க்க வேண்டும். பனைக்கும் தென்னைக்கும் கீழே கூடவே கூடாது. காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் கூடாரக் கம்பியை முறித்துக்கொண்டு இறங்கும். முந்திரிக் கிளை பார்க்கப் பெரியது, ஆனால் பட்டென்று முறியும். ஊஞ்சல் படுக்கை கட்ட உதவாது. சவுக்கில் கட்டலாம், மரம் ஆள் தொடை கனம் இருந்தால். நெருக்கமாக நட்ட கழித்தோப்பில் இருப்பவை மூன்று நான்கு வருடத்து மரங்கள். அவற்றில் கட்டினால் மரம் வளைந்து ஆளைத் தரையில் உட்கார வைக்கும்.

காற்றின் திசை ஒரே நாளில் மாறும். நண்பகல் தொடங்கி இரவு எட்டு ஒன்பது வரை கடற்காற்று, கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும். நள்ளிரவுக்குப் பின் நிலக்காற்று, மேற்கிலிருந்து மெல்ல. அதனால் கூடாரத்தின் ஒடுங்கிய முதுகைத் தென்கிழக்குக்குக் காட்டி, வாசலை வடக்குப் பக்கம் வைப்பது நல்லது.

முளை பிடிக்காத மணல்

கூடாரத்தோடு கடையில் கொடுக்கும் ஒரு சாண் கம்பி முளை செம்மண்ணுக்கும் களிமண்ணுக்கும் ஆனது. காய்ந்த மணலில் துகளுக்குத் துகள் ஒட்டு இல்லை. முளையைப் பிடித்திருப்பது அதன் மேலிருக்கும் மணலின் எடை மட்டும். ஒரு சாண் ஆழத்தில் அந்த எடை ஒன்றுமே இல்லை.

பந்தலாகக் கட்டியது 12க்கு 15 அடித் தார்ப்பாய். கிட்டத்தட்ட 16.7 சதுர மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று அதை நேராக அடித்தால் 17, 18 கிலோ தள்ளும். காற்று 30 ஆனால் தள்ளுவிசை இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும்: 70 கிலோ. அதிலும் பெரும்பங்கு காற்றைப் பார்த்த இரண்டு மூலைக் கயிறுகளில் விழும். இரவு எட்டு மணிக்குக் கடற்காற்று வேகம் பிடித்ததும் தென்கிழக்கு மூலை முளை பிடுங்கி எழும்பியது. அடுத்தடுத்து எல்லாம் கழன்றன. கயிற்று நுனியில் பறந்த முளை யார் முகத்திலும் படாதது அதிர்ஷ்டம். தார்ப்பாயின் கண்ணிகள் இரண்டு கிழிந்து, சவுக்குக் கிளையில் சிக்கி நின்றது.

மணலில் அடிக்கக் கூடாது, புதைக்க வேண்டும். ஒரு மூலைக்குச் செய்யும் முறை இது. பழைய அரிசிச் சாக்கு ஒன்றில் பாதி அளவு மணல் போட்டு, வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கட்டிய கயிற்றின் நுனியை நீளமாக விடவும். மண்வெட்டியால் முழங்கை ஆழம், அதாவது 40 முதல் 45 செ.மீ. குழி எடுக்கவும். காய்ந்த மணல் சரிந்து விழுந்துகொண்டே இருக்கும். குழியைச் சுற்றி ஒரு குடம் ஏரித் தண்ணீர் தெளித்தால் சுவர் நிற்கும். சாக்கை இழுவிசைக்குக் குறுக்காகக் கிடத்தி, கயிறு கூடாரத்தை நோக்கிச் சாய்வாக மேலே வருவதற்குச் சின்ன வாய்க்கால் ஒன்று கீறிவிடவும். இந்த வாய்க்காலை விட்டுவிட்டால் கயிறு நேர் மேலே கிளம்பி, இழுக்கும்போது மணலை அறுத்துக்கொண்டு தளர்ந்துவிடும். பிறகு மணலைத் தள்ளி, காலால் மிதித்து, மேலே தண்ணீர் தெளித்து மறுபடி மிதிக்கவும். ஈர மணலுக்குப் பிடிப்பு உண்டு. முடிந்ததும் ஒருவர் பின்னால் சாய்ந்து முழு பலத்தோடு இழுத்துப் பார்க்க வேண்டும். அசையக் கூடாது. சாக்கு இல்லாவிட்டால் மணிக்கட்டுக் கனமுள்ள, ஒன்றரை அடிச் சவுக்குக் கட்டையை நடுவில் கயிறு கட்டி அதே ஆழத்தில் கிடத்தலாம்.

ஒரு கூடாரத்துக்கு நான்கு, பந்தலுக்கு ஆறு. இந்த முகாமுக்கு மொத்தம் 22 சாக்கு. மடித்தால் ஒரு பைக்குள் அடங்கும். கிளம்பும்போது எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, மணலைக் கொட்டிவிட்டு, குழியை மூட வேண்டும். மறந்துபோன நைலான் கயிற்று நுனியில் மாட்டின் கால் சிக்கும்.

தண்ணீர்க் கணக்கு

கொண்டுவந்தது 20 லிட்டர் கேன் மூன்று. 60 லிட்டர், 11 பேர், இரண்டு இரவு. தலைக்கு ஐந்தரை லிட்டர், அதுவும் முழு முகாமுக்கும். குடிக்க மட்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். சனி மதியம் சாம்பார் அண்டா கழுவியதோடு இரண்டாவது கேன் காலி.

சரியான கணக்கு இப்படி வரும். இந்த வெயிலில், வேர்வையில், ஒருவர் நாளுக்கு 3 முதல் 4 லிட்டர் குடிப்பார். சோறு, குழம்பு, காபிக்கு ஒன்றரை. கை, வாய், பாத்திரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டரை. எட்டு லிட்டர் என்று வைத்தால் 11 பேருக்கு இரண்டு நாளைக்கு 176, ஒன்பது கேன். இதில் குளியல் இல்லை, நெருப்பணைக்கும் தண்ணீரும் இல்லை. 180 கிலோ எடையைக் கார் டிக்கியில் சாமான்களோடு ஏற்ற முடியாது. ஒரு குட்டியானை மினி லாரியில் அனுப்பிவிடுவதோ, பக்கத்து ஊர்க் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்துத் தோப்பு வாசலில் இறக்கச் சொல்வதோதான் வழி.

தோப்பில் போர்வெல் இருந்தால் சுமை பாதியாகும். அதற்கும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும்; மோட்டார் அப்போதுதான் ஓடும். தண்ணீர் உப்புக் கரிக்குமா. இந்த மணலில் மழைநீர் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. அதிகம் உறிஞ்சினால் அந்தப் படலம் கிழிந்து உப்பு மேலேறும். கடலோரத்துப் பெண்கள் மணலில் கையால் ஊற்றுத் தோண்டி எடுக்கும் தண்ணீர் தித்திப்பதும், நூறு அடி தள்ளி ஆழமாகப் போட்ட போர் கரிப்பதும் இதனால்தான்.

இரண்டாவது கேனும் தீர்ந்துவிட்டதால் சனி மாலை பாத்திரங்களை ஏரித் தண்ணீரில் கழுவினார்கள். பரவனாற்று வழியாக வரும் தண்ணீரோடு வயல் வடிகாலும் ஏரியில் சேர்கிறது. மாடு இறங்குகிறது, வாத்து மேய்கிறது. ஞாயிறு காலை வயிறு போன இருவரும் இரவு கடைசியாகச் சாப்பிட்டவர்கள்; கழுவிய ஈரம் காயாத தட்டுகளில் சாப்பிட்டவர்கள். காரணம் அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, மதியச் சாம்பாரை இரவும் சூடாக்காமல் ஊற்றிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் இரண்டு வாசலும் திறந்தே கிடந்தன.

ஏரித் தண்ணீரைப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தியே ஆக வேண்டுமானால், நான்காக மடித்த வேட்டியில் வடிகட்டி, கொதி வந்து ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வைத்த தண்ணீரில் கடைசி அலசு அலசி, தட்டுகளை வெயிலில் கவிழ்த்துக் காயவிட வேண்டும். குளோரின் மாத்திரை என்றால் அட்டையில் போட்டிருக்கும் அளவு, அரை மணி நேரக் காத்திருப்பு. குடிக்க மட்டும் வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உரமும் பூச்சிமருந்தும் அப்படியே இருக்கும்.

கழிப்பிடம்

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியை ஒட்டிய மணல்மேடுகளும் காடுகளும் முகாமுக்குப் பேர்போனவை. அந்த மாநிலத்துக் காட்டு முகாம்களில் மின்சாரமும் குழாயும் இருக்காது. ஆனால் கைப்பம்பு, குழிக் கழிப்பறை, நெருப்புக்கு இரும்பு வளையம் ஆகிய மூன்றையும் அரசே அமைத்திருக்கும். வசதி வேண்டாம் என்று போகிறவர்களுக்கும் இந்த மூன்றைக் கட்டிக்கொடுத்திருப்பதன் காரணம், பெருமாள் ஏரிப் பக்கத்து இந்த முகாமைப் பார்த்தால் விளங்கும். தவறிப்போனவை தண்ணீர், மலம், நெருப்பு. இங்கே அம்மூன்றையும் நாமே கொண்டுபோக வேண்டும்.

இவர்கள் ஏரிப்பக்கச் சரிவில், நீர் விளிம்பிலிருந்து 15 மீட்டரில் குழி தோண்டினார்கள். இரண்டடிக்குள் தண்ணீர் ஊறியது. கைவிட்டுவிட்டு, பிறகு அவரவர் மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும். மணல் வடிகட்டும் என்று நினைப்பார்கள். கரடான மணல் சல்லடைபோல விட்டுவிடும். வெறும் மணலில் மக்க வைக்கும் கிருமிகளும் குறைவு, புதைத்தது புதைத்தபடி கிடந்து அடுத்த காற்றில் வெளியே வரும்.

இந்த நிலத்துக்குப் பொருந்துவது மூடியுள்ள 20 லிட்டர் பக்கெட், மேலே உட்காரும் பிளாஸ்டிக் இருக்கை. ஒவ்வொரு முறைக்கும் இரண்டு கை உமியோ தேங்காய் நார்த்தூளோ சாம்பல் கலந்து போட வேண்டும். சிறுநீர் இதில் கூடாது. நாற்றத்துக்கு அதுதான் காரணம். 11 பேருக்கு இரண்டு பக்கெட்டும் ஒரு சாக்கு உமியும் போதும். மூடியை இறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தலாம். சுற்றிலும் மறைக்க நான்கு சவுக்குக் கழியும் ஒரு பழைய சேலையும். பெண்களும் பிள்ளைகளும் வரும் முகாமில் முதலில் எழுப்ப வேண்டியது இந்த மறைப்பைத்தான், கூடாரத்தை அல்ல. இல்லாவிட்டால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வெயிலில் தலைவலி, மயக்கம் என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெருப்பு

பையனின் காயத்துக்கு வந்த வழி இது. சனி இரவு, மூன்று கல் வைத்து, மணலில் சின்னக் குழி பறித்து நெருப்பு மூட்டினார்கள். விறகு சவுக்கு, அருமையான விறகு, பச்சையாகவே எரியும், தணல் நெடுநேரம் நிற்கும். கூடவே பிள்ளைகள் பொறுக்கிவந்த பச்சை முந்திரிக் கிளையையும் உதிர்ந்த கொட்டைகளையும் போட்டார்கள். காய்ந்த முந்திரி விறகை இந்த வட்டாரம் முழுக்க எரிக்கிறது. கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் வேறு சங்கதி. தோலில் பட்டால் பொத்துவிடும், புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைப்பவர்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். புகை தாங்காமல் பதினொரு மணிக்கு நெருப்பை அணைக்கலாம் என்று முடிவானது.

மீதி இருந்தது ஒரே ஒரு கேன், அதுவும் பாதி. காலைக்குக் குடிக்க வேண்டும். ஏரி 80 மீட்டரில். நடுவில் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர். இருட்டில் பாம்பு இருக்கும் என்று யாரும் இறங்கவில்லை. அதனால் மண்வெட்டியால் நாலைந்து கூடை மணலை அள்ளித் தணலின் மேல் போட்டு மூடிவிட்டுப் படுத்தார்கள். மேலே கால் வைத்துப் பார்த்தபோது சில்லென்றுதான் இருந்தது.

காய்ந்த மணல் சூட்டை மிக மெதுவாகத்தான் கடத்தும். துகள்களுக்கு நடுவில் அடைந்த காற்றே போர்வை. கூடவே உள்ளே போகும் காற்றும் குறைவதால் கரி அணையாது, மெல்ல மெல்லக் கனலும். வேகமாக எரிந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் சாம்பலாகியிருக்கும். மூடியதால் எட்டு மணி நேரம் நீடிக்கும். அந்த நேரத்தில் சூடு மெதுவாக மேலேறுகிறது. இரவு குளிர்ந்திருந்த மேல்மணல் விடியும்போது கொதிக்கிறது. நெருப்பு இருந்த அடையாளமே கிடையாது, சுற்றிலும் இருக்கும் மணலைப் போலவே சமமாக, வெள்ளையாக. அறுபது டிகிரி சூடு ஐந்து நொடியில் தோலை வேக வைக்கும். பிள்ளைகளின் தோலுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். காலை ஆறரைக்கு வெறுங்காலோடு ஓடியவன் அதில் கால் வைத்தான்; கால் உள்ளே புதைந்ததால் உடனே எடுக்கவும் முடியவில்லை. மணலுக்குள் மூடிய நெருப்பு மேலே மிதிப்பதற்கு மட்டும் ஆபத்தானதல்ல, மணல் காலை உள்வாங்கிக்கொள்வதால் இன்னும் ஆபத்து.

உடனே உள்ளங்காலில் பற்பசை தடவினார்கள். செய்திருக்க வேண்டியது, குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்றுவது. காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ், பற்பசை, இங்க், மாவு எதுவும் கூடாது. மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளைக்கு இரண்டாவது வேதனை. கொலுசோ மெட்டியோ இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான ஈரத்துணியால் தளர மூடி, கால், கை, முகத்துத் தீக்காயம் என்றால் சிறியதானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்ட தேதியைக் கேட்பார்கள். இருபது நிமிடம் ஊற்ற இவர்களிடம் தண்ணீர் இருந்ததா என்றால், மூன்று லிட்டர் இருந்தது. இந்த முதலுதவிக்கு மட்டும் ஒரு முழு கேன் வேண்டும்.

செய்ய வேண்டிய முறை: மணலில் நேராக நெருப்பு மூட்டாமல், கட்டட வேலையில் கலவை சுமக்கும் இரும்புச் சட்டி ஒன்றை மூன்று செங்கல் மேல் தூக்கி வைத்து அதில் மூட்டுங்கள். அடியில் மணல் சூடாகாது, கரி ஓரிடத்தில் நிற்கும், காலையில் சாம்பலை அள்ளுவதும் சுலபம். சுற்றிலும் மூன்று மீட்டருக்குச் சவுக்குச் சருகை வெறும் மணல் தெரியும்வரை வாரிவிட வேண்டும். சவுக்குச் சருகு நூல் நூலாக அடுக்கடுக்காகக் கிடக்கும். ஒரு கங்கு உள்ளே இறங்கினால் மேலே புகைகூடத் தெரியாமல் அடியில் ஊர்ந்து போய் வேறிடத்தில் எழும்பும். காற்று வேகம் பிடிக்கும் மாலை நேரத்தில் பெரிய நெருப்பு வேண்டாம்.

பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கெட் ஏரித் தண்ணீர் நெருப்புக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். இதற்கு ஏரித் தண்ணீர் தாராளமாகப் போதும். அணைக்கும்போது காற்று முதுகில் அடிக்கும்படி நின்று, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். ஊற்றி, கழியால் கிளறி, கட்டைகளைப் புரட்டி, மறுபடி ஊற்றி, சீறல் சத்தம் நிற்கும்வரை. பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு ஒரு சாண் மேலே பிடித்துப் பார்த்து, சூடு தெரியாவிட்டால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடக் கை கூசினால் இன்னும் அணையவில்லை என்று பொருள். பத்துக் கிலோ விறகு எரிந்த நெருப்புக்கு 15 முதல் 20 லிட்டர் போகும். அணைத்த இடத்தைச் சுற்றி நான்கு கழி நட்டுக் கயிறு கட்டிவிட்டால் காலையில் யாரும் மிதிக்க மாட்டார்கள்.

பாம்பும் தேளும்

கூடாரங்களைச் சுற்றிப் பினாயில் ஊற்றி, பூண்டு நசுக்கிப் போட்டிருந்தார்கள். பாம்பு இரண்டையும் பொருட்படுத்தாது. பினாயில் மணலில் இறங்கி ஏரிக்குப் போகும். உண்மையான காவல் கூடாரத்தின் ஜிப். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், வலிகூடத் தெரியாமல் போகலாம். அடித்தரை தைத்த, முழுக்க மூடிய கூடாரத்தில் படுத்தவருக்கு அந்தப் பயம் இல்லை. பந்தலுக்குக் கீழே பாயில் படுத்த இரண்டு ஆண்கள்தான் ஆபத்தில் இருந்தார்கள். இரவில் எழுந்தால் விளக்கும் மூடிய செருப்பும் வேண்டும், காலையில் ஷூவை உதறிப் போட வேண்டும். செந்தேள் ஒளிய அதைவிட நல்ல இடம் கிடையாது. பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், அசையாமல் படுக்க வைத்து 108க்குச் சொல்லவும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகிய மூன்றில் எது கிட்டம் என்று போவதற்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும். தெற்கே சிதம்பரம் பக்கம் வக்காரமாரி, பழைய கொள்ளிடம் என்று போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அங்கே முதலை உண்டு, தண்ணீர் ஓரத்தில் பாத்திரம் கழுவ உட்கார வேண்டாம்.

அனுமதி விஷயத்தில் இந்தக் குழு நேராக நடந்துகொண்டது. ஏரிக்கரை அரசுக்குச் சொந்தம், காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். புதுச்சேரியின் ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அங்கே இரவு தங்கும் பேச்சே இல்லை. கடலை ஒட்டிய மணல்மேடுகள் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளில் மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் வருகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் மணலும் அதுவே. அங்கே வெள்ளை விளக்கும் நெருப்பும் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும். பட்டா நிலம், உரிமையாளர் சம்மதம், காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் என்ற வழிதான் சரி.

வண்டி

ஞாயிறு காலை பையனைத் தூக்கிக் காரில் உட்கார வைத்து ரிவர்ஸ் எடுத்ததும் பின் சக்கரம் சுழன்றது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அச்சு வரை இறங்கியது. கார் தோப்புக்கு உள்ளே, கூடாரத்துக்குப் பக்கத்தில், முகம் உட்புறம் பார்த்து நின்றிருந்தது. டயரில் காற்று சாலைக்கு வைக்கும் 32 பி.எஸ்.ஐ. கடைசியில் பக்கத்து வயலிலிருந்து டிராக்டர் வந்து இழுத்தது.

சக்கரம் சுழலத் தொடங்கிய நொடியிலேயே நிறுத்தியிருந்தால் டிராக்டர் தேவைப்பட்டிருக்காது. எல்லா டயரிலும் காற்றை 18க்குக் குறைத்தால் டயர் சப்பையாகி மணலின் மேல் பரவி நிற்கும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை வாரிவிட்டு, தென்னை மட்டையோ மடித்த சாக்கோ போட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டாவது கியரில் மெதுவாக எடுத்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். அந்தக் காற்றோடு வேகமாகவோ திருப்பங்களிலோ ஓட்டக் கூடாது. தார்ச்சாலை ஏறும் முன்பே காரின் சாக்கெட்டில் செருகும் சின்னப் பம்பால் பழையபடி நிரப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு வண்டியாவது கெட்டித் தரையில், மூக்கு சாலையைப் பார்த்து, முன்னால் எதுவும் மறிக்காமல் நிற்க வேண்டும். அதன் சாவி எங்கே தொங்குகிறது என்று பெரியவர்கள் ஏழு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.